ஐந்தாவது கிளிப்

ஒரகடத்தில் சீட் பெல்ட் தைக்கும் கம்பெனி ஒன்றில் உலகம்மாளுக்கு ‘எதுக்கு’ என்று ஒரு பட்டப்பெயர் உண்டு. வைத்தவர்கள் லைனில் கூட வேலை செய்யும் பெண்கள். சூப்பர்வைசர் எதைச் சொன்னாலும் அவள் வாயிலிருந்து முதலில் வருவது அந்த வார்த்தைதான். நூல் ஏன் கறுப்பு, ஒரு பெல்ட்டில் ஏன் இத்தனை தையல், கேன்டீனில் ஏன் புதன்கிழமை மட்டும் பாயசம், எல்லாமே தெரிந்தாக வேண்டும் அவளுக்கு. ஆலங்குளத்திலிருந்து பத்தொன்பது வயதில் வேலைக்கு வந்தவள், இப்போது இருபத்தெட்டு. சிங்கப்பெருமாள் கோவிலில் நான்கு பெண்கள் சேர்ந்து எடுத்த வாடகை அறை, காலையில் ஷேர் ஆட்டோ, எட்டு மணி நேரத் தையல், ஓ.டி. கிடைத்தால் பன்னிரண்டு. இந்த ஒன்பது வருடத்தில் அவள் கேட்ட கேள்விகளை ஏற்றினால் ஒரு கண்டெய்னர் லாரி கொள்ளாது.

அவற்றில் ஒன்றுக்குக் கிடைத்த பதில் மட்டும் அவள் மனதில் ஆணி அடித்தாற்போல் நின்றுவிட்டது. மிஷினில் ஊசி உடைந்தால், உடைந்த துண்டுகள் அத்தனையும் கிடைக்கும்வரை மொத்த லைனும் நிற்க வேண்டும் என்பது அங்கே விதி. துண்டுகளைப் பொருத்திப் பார்த்து முழு ஊசி தேறினால்தான் மறுபடி ஓட்டுவார்கள். சேர்ந்த புதிதில் ஒருநாள் அப்படி லைன் நின்றபோது, “இம்புட்டு சின்னத் துண்டுக்கு எதுக்கு சார் எல்லாரும் நிக்கணும்?” என்று பாதுகாப்பு அதிகாரி சபாபதியிடம் கேட்டாள்.

“அது எங்க கீதுன்னு தெரியற வரைக்கும், எல்லா பெல்ட்டுலயும் கீதுன்னுதாம்மா அர்த்தம்” என்றார் அவர்.

இந்தச் சபாபதி வல்லக்கோட்டைக்காரர். கம்பெனிக்கு வருமுன் இருபது வருடம் விமானப்படையில் பாராசூட்டில் குதிக்கக் கற்றுக்கொடுத்தவர். ஐம்பத்திரண்டு வயதில் மனுஷர் சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. ஒரே பகலில், சூரியன் உதித்து மறைவதற்குள், விமானத்திலிருந்து நூறு தடவை குதிக்கிறேன் என்று சாதனைகளைப் பதியும் ஒரு சங்கத்துக்கு எழுதிக்கொடுத்துவிட்டார். தொண்ணூற்றொன்பது குதித்தாலும் பெயர் ஏறாது. கணக்குப் போட்டால் ஏழு நிமிடத்துக்கு ஒரு குதி. இறங்கிய வேகத்தில் வேறொரு பையை முதுகில் மாட்டிக்கொண்டு மறுபடி ஏற வேண்டும். அவிழ்ந்து கிடக்கும் பாராசூட்டுகளை மடித்துக்கொண்டே இருக்கக் கீழே நான்கு பேர் தேவை. தையல் கைக்குத் துணியின் போக்கு தெரியும் என்று லைனில் வந்து ஆள் கேட்டார்.

“எதுக்கு சார் நூறு தடவ?” என்றாள் உலகம்மாள்.

சபாபதி தலையைச் சொறிந்தார். “தெரில. நூறு குதிச்சா தெரியுதான்னு பாக்கலாம்.”

இப்படி ஒரு பதிலை அவளுக்கு யாரும் சொன்னதில்லை. அங்கேயே பெயரைக் கொடுத்துவிட்டாள்.

ஆறு மாத ஞாயிற்றுக்கிழமைகள் அதற்கே போயின. சபாபதியோடு விமானப்படையில் இருந்த யாக்கோபுதான் தரை வேலைகளுக்குப் பொறுப்பு. மடிக்கப் பழகி, பரீட்சை எழுதி, சான்றும் வாங்கினாள். மடிக்கும்போது பட்டு மாதிரி வழுக்கும் அந்தத் துணி கையில் நிற்காது. அதற்கு அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். துணி காயப்போடும் சிவப்பு பிளாஸ்டிக் கிளிப் ஐந்து வாங்கி, நகப்பூச்சால் ஒன்று முதல் ஐந்துவரை எண் போட்டாள். மடிப்புக்கு ஒன்றாக மாட்டி, பைக்குள் தள்ளும்போது ஒன்றொன்றாகக் கழற்றிவிட வேண்டும். ஒன்று உள்ளே தங்கிவிட்டால் மேலே போய்த் துணி சரியாக விரியாது. அதனால் ஒவ்வொரு பை முடிந்ததும் ஐந்தையும் ஒரு எவர்சில்வர் தட்டில் வரிசையாக வைத்து எண்ணுவாள். மற்ற மூவரும் அதே கிளிப்புகளைத்தான் மாற்றி மாற்றி வாங்கிக்கொண்டார்கள்.

பிப்ரவரியில் ஒரு ஞாயிறு. சேரப்பணஞ்சேரி தாண்டி, மூடிப்போன டயர் கம்பெனி ஒன்று வண்டி ஓட்டிப் பார்க்கப் போட்டிருந்த நீளத் தார்த்தடம்தான் விமானத்துக்கு ஓடுதளம். சங்கத்துக்காரர்கள் கேமரா வைத்து எண்ணினார்கள். அது போக வீட்டுக் கணக்கும் ஒன்று இருக்கட்டும் என்று, சபாபதியின் மனைவி ஜெயலட்சுமி பந்தலில் அட்டையும் பேனாவுமாக உட்கார்ந்திருந்தாள். இருபது வருடத்தில் புருஷன் குதிப்பதை அவள் நேரில் பார்ப்பது இதுதான் முதல் தடவை. ஒவ்வொரு முறை அவர் தரையைத் தொட்டதும் ஒரு கோடு போடுவாள். போட்ட பிறகுதான் அவளுக்கு மூச்சு வரும்.

முதல் முப்பது குதிகளை உலகம்மாள் ஒன்றுவிடாமல் அண்ணாந்து பார்த்தாள். தன் முழங்காலடியில் அடங்கிக் கிடந்த துணி ஆகாயத்தில் பூவாக விரிவதைப் பார்க்க அவளுக்கு அலுக்கவேயில்லை. ஐம்பதுவரை சபாபதி இறங்கும்போதெல்லாம் ஏதாவது கிண்டல் செய்துகொண்டிருந்தார். அறுபதில் பேச்சு நின்றது. எழுபத்தொன்றில் இறங்கியவர் பையைக் கழற்ற முடியாமல் தடுமாறினார். தண்ணீர் நீட்டியவரைக் கையால் தள்ளிவிட்டு, அடுத்த பையை மாட்டிக்கொண்டு விமானத்தில் ஏறினார்.

விமானம் மேலே போய்க்கொண்டிருந்தது. உலகம்மாள் தட்டைப் பார்த்தாள். நான்கு கிளிப்.

ஐந்தாம் எண்ணைக் காணோம். துப்பட்டாவை உதறினாள். தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்தாள். மற்ற மூவரையும் எழுந்து நிற்கச் சொன்னாள். எங்கும் இல்லை. மொத்தம் எட்டுப் பைகள். ஒன்று அவர் முதுகில் இருந்தது. நிறுத்தினால் மனுஷரின் நூறு போய்விடும். நிறுத்தாமல் விட்டு, அது அந்தப் பைக்குள் இருந்தால்?

நிறுத்தச் சொல்லிக் காட்ட வைத்திருந்த சிவப்புக் கொடியை எடுத்துக்கொண்டு வாக்கி டாக்கியோடு நின்ற யாக்கோபுவிடம் ஓடினாள்.

“அண்ணே, கிளிப் ஒண்ண காணல. சாரை எறக்குங்க.”

“இங்கதாம்மா எங்கனா வியுந்து கெடக்கும். அவர்கிட்ட இன்னொரு பாராசூட்டும் கீது இல்ல, ஆபத்துக்கு?”

“எங்க இருக்குன்னு தெரியலேல்லா? அப்ப எல்லாப் பையிலயும் இருக்குன்னுதான் அர்த்தம்.”

யாக்கோபு அவள் முகத்தையும் வானத்தையும் ஒருமுறை பார்த்துவிட்டு, விமானத்தைத் திரும்பச் சொன்னார்.

சபாபதி தள்ளாடிக்கொண்டு வந்தார். கண் இரண்டும் சிவந்திருந்தன. விஷயத்தைச் சொன்னாள். வாங்கிக் கட்டிக்கொள்ளத் தயாராகத்தான் நின்றாள். அவரோ முதுகிலிருந்த பையைக் கழற்றித் தார்ப்பாயில் போட்டார். “பிரிங்க” என்றார். அப்படியே பக்கத்தில் படுத்தார். இரண்டே நிமிடத்தில் வாயைத் திறந்தபடி தூங்கிவிட்டார்.

ஒவ்வொரு பையாகப் பிரித்து, உதறி, மறுபடி மடித்தார்கள். அவர் முதுகிலிருந்ததில் இல்லை. இரண்டாவதில் இல்லை. ஏழிலும் இல்லை. எட்டாவதைப் பிரித்து உதறியபோது ஜெயலட்சுமி பந்தலிலிருந்து எழுந்து வந்தாள். அவள் கையில் சிவப்பாக ஒன்று இருந்தது.

“இதுவா பாருங்க. காத்துல பேப்பர் பறக்குதுன்னு தட்டுலேருந்து எடுத்து அட்டைல குத்திக்கினேன்.”

யாக்கோபு தலையில் கை வைத்துக்கொண்டார். முப்பத்தைந்து நிமிடம் போயிருந்தது. சத்தம் கேட்டு விழித்த சபாபதி கிளிப்பைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், சூரியனைப் பார்த்தார். முகத்தைக் கழுவிக்கொண்டு, நின்றபடியே இரண்டு வாழைப்பழம் தின்றுவிட்டு விமானத்துக்கு ஓடினார். தூங்கி எழுந்தவரின் காலில் தெம்பு வந்திருந்தது. ஆனால் பகலுக்கு நீளம் ஏது? சூரியன் மறைந்தபோது ஜெயலட்சுமியின் தாளில் தொண்ணூற்றேழு கோடுகள் இருந்தன.

உலகம்மாள் தார்ப்பாயில் உட்கார்ந்து அழுதாள். மூன்றே மூன்று என்று நினைக்க நினைக்க அவளுக்கு ஆறவில்லை. மறுநாள் லைனில், “எதுக்குடி நிறுத்தின?” என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். அந்த வார்த்தை தன் பக்கம் திரும்பினால் எப்படிச் சுடும் என்று அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

சபாபதி மட்டும் கேன்டீனில் அவள் எதிரே தட்டோடு வந்து உட்கார்ந்தார். “மூஞ்ச தூக்கிக்கினு இருக்காத. நான் சொன்னதத்தான நீ செஞ்ச. நான் யார திட்டறது?” என்றார். எது எப்படியோ, அடுத்த பிப்ரவரிக்கும் எழுதிக்கொடுத்துவிட்டதாகச் சொல்லிவிட்டுச் சாம்பாரைப் பிசைந்தார்.

அதோடு விஷயம் முடிந்திருக்க வேண்டும். மற்றவர்களுக்கு முடிந்துவிட்டது. உலகம்மாளுக்கு ஒன்று மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது. சபாபதி படுத்துத் தூங்கிய பிறகு எல்லார் கைகளும் பரபரவென்று தேடின. பந்தலில் ஒரு கை மட்டும் அட்டையின் மேல் முனையை மூடிக்கொண்டது. எட்டாவது பை பிரியும்வரை அங்கிருந்து எடுபடவேயில்லை. எதுக்கு?

இரண்டு வாரம் பொறுத்தாள். மூன்றாம் ஞாயிறு ஷேர் ஆட்டோவும் பஸ்ஸும் மாறி வல்லக்கோட்டைக்குப் போய்விட்டாள். சபாபதி வெளியே போயிருந்தார். ஜெயலட்சுமி மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். புருஷனின் குதிக்கிற உடுப்பு பாதி கொடியிலும் பாதி வாளியிலும் கிடந்தது.

உலகம்மாளுக்குச் சுற்றி வளைக்கத் தெரியாது. “அக்கா, நான் கொடிய எடுத்தப்பவே கிளிப் உங்ககிட்ட இருக்குன்னு தெரியும்லா?”

ஜெயலட்சுமியின் கை நின்றது. மாடிப்படியை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு வந்தாள்.

“எடுத்தப்போ நிஜமாவே தெரியாமத்தான் எடுத்தேன். நீ ஓடி வந்ததும் தெரிஞ்சிச்சி. சொல்லத்தான் எயுந்தேன். அதுக்குள்ள பிளேன் எறங்கிடுச்சி. அவரு நடந்து வந்தாரே, அந்தக் கால நீ பாத்தியா? தரை எங்க கீதுன்னே அதுக்குத் தெரில. அந்தக் கால வெச்சிகினு இன்னும் இருபத்தொம்போது வாட்டி. நில்லுன்னா நிக்கிற ஆளா? இருவது வருசமா சொல்லிகினு கீறேன். நீ ஒரு வார்த்த சொன்ன, படுத்துட்டாரு. தூங்கட்டும்னு கைய வெச்சி மூடிக்கினேன்.” முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். “பழி உன் மேல வியுந்துச்சி. அவராண்ட சொல்லணும்னா சொல்லிக்கோ.”

முப்பத்தைந்து நிமிடம் என்றால் ஐந்து குதி என்று உலகம்மாளின் மனம் கணக்குப் போட்டது. மூன்றுதான் குறைந்தது. கிளிப்பை உடனே கொடுத்திருந்தால் நூறு வந்திருக்கும். இல்லை, அந்தக் காலோடு எழுபத்தைந்திலோ எண்பதிலோ எல்லாமே முடிந்தும் போயிருக்கும். இரண்டில் எது என்று யாரைக் கேட்பது? அவளுக்கு ஜெயலட்சுமியின் மேல் கோபமாக வந்தது. கோபம் வந்த வேகத்தில் அழுகையும் வந்தது.

வாளியில் கிடந்த உடுப்பின் கையை எடுத்துப் பிழிந்து கொடியில் போட்டாள். பக்கத்தில் கிடந்த கிளிப் ஒன்றை அதில் மாட்டினாள்.

“சார்கிட்ட நான் ஒண்ணும் சொல்லல” என்றாள். “அடுத்த வருசம் ஆறு கிளிப் கொண்டாரேன் அக்கா. தட்ட உங்க பக்கத்துலயே வைக்கேன். எனக்கு எண்ணத்தான் தெரியும், சாரோட கால் எனக்குத் தெரியாது. உங்களுக்கு எப்பத் தோணுதோ, அப்ப ஒண்ண எடுத்துக்கிடுங்க. தட்டுல அஞ்சுதான் இருந்தா நான் லைன நிறுத்திருவேன்.”