மாமா வேறொருத்தியைக் கண்ணு என்ற மதியம்

மாமாவின் கல்யாணத்தை நான்தான் நடத்திவைத்தேன் என்று எங்கள் வீட்டில் இன்றும் சொல்கிறார்கள். அது சரிதான். எப்படி நடத்திவைத்தேன் என்பதில்தான் அவர்கள் நினைப்பில் சிறு தவறு இருக்கிறது.

அப்போது எனக்கு எட்டு வயது. அம்மாவின் தம்பியான மாமா எங்களோடுதான் இருந்தார். அருள்புரத்தில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். எனக்குச் சோறு போடுவது அவர் பொறுப்பு. முதல் கரண்டி விழுந்ததும் நான் தட்டைக் கையால் மூடிக்கொள்வேன். அவர், "இன்னும் ஒரே வாய், கண்ணு" என்று கெஞ்சுவார். நான் மனமிரங்குவேன். விருந்தாளியாகப் போன வீடுகளில் பெரியவர்களும் இப்படித்தான் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லி, வற்புறுத்திய பிறகே சாப்பிட்டார்கள். ஆகவே இதுதான் முறை என்று நினைத்திருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் மாமா அம்மாவையும் என்னையும் திருப்பூரில் ஒரு பெரிய ஓட்டலுக்குக் கூட்டிப்போனார். பனியன் முதலாளிகள் சரக்கு வாங்க வரும் வெளிநாட்டுக்காரர்களுக்குச் சாப்பாடு வாங்கித் தரும் இடம். அங்கே எங்களுக்காக ஓர் அக்காவும், என் வயதுடைய அவருடைய மகளும் காத்திருந்தார்கள். அந்த அக்கா மாமாவின் கம்பெனியில் செக்கிங் பார்ப்பவர். கணவர் இறந்தபின் தென்காசிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர். மாமா அவரைக் கட்டிக்கொள்ள விரும்பினார். அம்மா கூடாது என்று சொல்லவில்லை. எங்கள் பக்கத்தில் முகத்துக்கு நேராக அப்படிச் சொல்லமாட்டார்கள். "புள்ள அவகிட்ட ஒட்டுனா பாக்கலாம்டா" என்று சொல்லியிருந்தாள். நான் யாரிடமும் ஒட்டாத பிள்ளை என்பது அவளுக்குத் தெரியும். இதெல்லாம் எனக்குப் பின்னாளில் தெரியவந்தவை.

உட்கார்ந்து வெகுநேரமாகியும் யாரும் பரிமாற வரவில்லை.

"இது பஃபே, அக்கா. நாமளே போய் எடுத்துக்கோணும்" என்றார் மாமா.

"தட்டத் தூக்கிட்டு வரிசைல நிக்கறதுக்கா இத்தன தூரம் கூட்டியாந்த?" என்றாள் அம்மா.

மாமா அசட்டுச் சிரிப்புடன் எழுந்தார். எழுந்தவர் என்னிடம் வரவில்லை. அந்த அக்காவின் மகளைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போனார். வெள்ளி போல் மின்னிய மூடிகளை ஒவ்வொன்றாகத் திறந்து காட்டினார். ஆவி அடித்ததும் அவள் பின்வாங்கிச் சிரித்தாள்.

"இது வேணுமா, கண்ணு?"

அந்தச் சொல் என்னுடையது. அதற்குமுன் அவர் வாயிலிருந்து அது வேறு யாருக்கும் போனதில்லை.

அவள் தட்டு நிறைய நூடுல்ஸும் பனீரும் பூரியுமாகத் திரும்பினாள். மாமா எனக்கும் ஒரு தட்டு கொண்டுவந்து வைத்தார். நான் கையால் மூடி, "வேண்டாம்" என்றேன். அவர் கெஞ்சியிருக்க வேண்டும். ஆனால் அந்தப் பெண் தண்ணீர் கேட்க, எடுக்கப் போய்விட்டார். எத்தனை முறை வேண்டுமானாலும் சாப்பிடலாம் என்ற அந்தக் கூடத்தில் நான் மட்டும் பட்டினியாக உட்கார்ந்து, அவள் ஒவ்வொரு பூரியையும் எப்படிக் கிள்ளுகிறாள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா முகத்தில் ஒரு நிம்மதிகூடத் தெரிந்தது.

அந்த அக்கா நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் போட்டுக்கொண்டு, என் தட்டிலிருந்து ஒரு கவளம் எடுத்து நீட்டினார்.

"ஏட்டி, என்ன கோவம்? தின்னுட்டுக் கோவப்படு. வெறும் வயித்துல கோவப்பட்டா மயக்கம்லா வரும்."

எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைகளைக்கூட வாங்க, போங்க என்பார்கள். ஏட்டி என்று என்னை யாரும் அழைத்ததில்லை. மறுப்பதற்காகத்தான் நிமிர்ந்தேன். அப்போது எதிரே அந்தப் பெண்ணைப் பார்த்தேன். பூரியைக் கிள்ளிய கை வாய்க்குப் போகாமல் பாதியில் நின்றிருந்தது. தன் அம்மாவின் கையில் இருந்த கவளத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

உடனே வாயைத் திறந்தேன்.

"இன்னொண்ணு" என்று நானே கேட்டேன். அவள் முகம் வாட வாட, எனக்குப் பசி கூடியது. அந்த அக்காவின் மடியில் சாய்ந்துகொண்டேன். குலாப் ஜாமூனையும் அவரே ஊட்ட வேண்டும் என்றேன்.

மாமா தண்ணீர் டம்ளரோடு அப்படியே நின்றுவிட்டார். அம்மா என்னை நெடுநேரம் பார்த்தாள். பிறகு எழுந்து, தானே வரிசையில் நின்று, ஒரு தட்டில் சோறும் குழம்பும் கொண்டுவந்து அந்த அக்கா முன் வைத்தாள்.

"புள்ளைக்கே ஊட்டிட்டிருக்கீங்க. நீங்களும் ஒரு வாய் சாப்புடுங்க."

ஆவணியில் கல்யாணம் நடந்தது. கொழந்தை என்னமா ஒட்டிக்கிச்சு என்று அம்மா வந்தவர்களிடமெல்லாம் சொன்னாள்.

ஓட்டலில் அன்று அந்தப் பெண் மீதிப் பூரியைத் தொடாமல் தட்டை நகர்த்திவிட்டாள். ஜெயித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். எனக்கு அம்மா, அப்பா, மாமா என்று மூன்று பேர் இருந்தார்கள். அவளுக்கு இருந்தது அவள் அம்மா ஒருத்திதான் என்பது எனக்கு அன்று தோன்றவே இல்லை.