முதல் ரத்தத்தில் பாஸ் ஆனவன்

பனியன் கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசர் என்றால், சந்தேகப்படுவதற்குச் சம்பளம் வாங்குகிறவன் என்று அர்த்தம். நல்லூரில் அந்த உத்தியோகம் பார்க்கும் திருமூர்த்தி அடியேன்தான். சாயத்துணி எவ்வளவு பளபளத்தாலும் ஒரு துண்டை வெட்டித் துவைத்துப் பார்க்காமல் பாஸ் போட மாட்டேன். "அண்ணன் தாலி கட்டுறதுக்கு முன்னாடி பொண்ணையும் தண்ணில முக்கிப் பாத்திருப்பாக" என்று மதுரைக்காரி விஜயராணி, எங்கள் டெய்லர், சொல்லிச் சிரிப்பாள்.

அப்பேர்ப்பட்ட புத்திசாலிக்கு, போன மாதம் ஷிப்மென்ட் அன்று காலையில் நெஞ்சை அடைத்தது. வெறும் கேஸ் டிரபிள்தான் என்று நானே தீர்ப்புச் சொல்லி, பன்னீர் சோடா குடித்தேன். ஏப்பம் வரவில்லை, வேர்வை கொட்டியது. விஜயராணிதான் கத்திக் கூப்பாடு போட்டு, ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரியில் தள்ளினாள்.

இசிஜி நார்மல். ரத்தப் பரிசோதனையும் நார்மல்.

டாக்டர் கீதாஞ்சலி பொறுமையாகச் சொன்னார்: "இதயத் தசை அடிபட்டா ட்ரோபோனின்னு ஒரு புரதம் ரத்தத்துல கசியுமுங்க. அது தெரியறதுக்குக் கொஞ்ச நேரமாகும். மூணு மணி நேரம் கழிச்சு மறுபடி ரத்தம் எடுக்கணும். அதுவரைக்கும் படுத்திருங்க."

எனக்கு 'நார்மல்' மட்டும்தான் காதில் விழுந்தது. மறு ரத்தமெல்லாம் பில்லை இழுக்கிற வேலை என்று எனக்கு நானே பாஸ் போட்டுக்கொண்டு, கையில் குத்தியிருந்த ஊசியைத் துண்டால் மறைத்து நழுவினேன். நான் போகாவிட்டால் கப்பலே கிளம்பாது பாருங்கள்!

கம்பெனிக்குப் போனால், பெட்டிகளை ஏற்றிக்கொண்டு லாரி எப்போதோ போயிருந்தது. என்னை ஒருத்தரும் தேடவில்லை.

தேடியது என் மனைவி தரணி ஒருத்திதான். விஜயராணி போனில் சொல்லி ஆஸ்பத்திரிக்கு ஓடியவள், காலிக் கட்டிலைப் பார்த்துவிட்டு, ஸ்கூட்டியில் நேராகக் கம்பெனி வாசலுக்கே வந்து நின்றாள்.

"ஏனுங்க, துவைக்காத துணிக்குப் பாஸ் போடுவீங்களா?"

"மாட்டேன்."

"உங்க நெஞ்சுக்கு மட்டும் போடுவீங்களாக்கும்? ஏறுங்க வண்டில!"

ஏறினேன். வழி நெடுகத் திட்டு. பாதி வழியில் வலி திரும்பவும் பிடித்தது. சொன்னால் இன்னும் திட்டுவாளே என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்; அதிலும் ஒரு வீம்பு!

இரண்டாவது ரத்தத்தில் ட்ரோபோனின் அளவு எகிறிவிட்டது. மாரடைப்பேதான். ஆளாளுக்கு ஓடி, கை வழியாகக் குழாய் விட்டு அடைப்பை எடுத்தார்கள்.

மறுநாள் டாக்டர் வந்தார். "அளவு ஏற ஏற, தசை அவ்வளவு செத்திருக்குன்னு அர்த்தமுங்க. உங்களுக்கு ஓரளவுதான். மாத்திரைய விடாம போட்டா நல்லா இருக்கலாம். நேத்து இங்கேயே படுத்திருந்தா இன்னும் கம்மியாப் போயிருக்கும்."

"செத்தது திரும்ப வளராதுங்களா?"

"வளராதுங்க."

தரணியைப் பார்த்தேன். திட்டுவாள் என்றுதான் நினைத்தேன். திட்டியிருந்தால் தேவலை.

"போனது போகட்டும் மாமா. மிச்சத்தையாவது எனக்கு வெச்சுருங்க" என்று சொல்லிவிட்டு, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.