மேலாக ஒரு கை

தீப்பெட்டி ஆபீஸில் கழித்துப் போடும் குச்சிகளைச் சாக்கில் கட்டி, சைக்கிளில் கொண்டுவந்து அடுப்பெரிக்க விற்பார் அவர். மெலிந்த ஆள். மூக்குக்கண்ணாடியின் ஒரு காது ஒடிந்து, அங்கே நூல் கட்டியிருப்பார். வாசலிலேயே சாக்கை அவிழ்த்து, மேலாக ஒரு கை அள்ளி என் முன்னால் பரப்புவார். தலையில் மருந்து உள்ள குச்சி தட்டுப்பட்டால் பொறுக்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார்.

"மருந்துக்குச்சி கெடந்தா அடுப்பு சீறிரும் தாயி. நான் பாக்காம குடுக்க மாட்டேன்."

அந்த விரல்களை நம்பி மூன்று வருடமாக நான் சாக்குக்குள் குனிந்து பார்த்ததே இல்லை.

ஒருநாள் காலையில் வெந்நீர் அடுப்புக்குச் சாக்கின் அடியிலிருந்து அள்ளிப் போட்டேன். குப்பென்று எழுந்த தீ என் புருவத்தைப் பொசுக்கிவிட்டது. மிச்சத்தைக் கொட்டிப் பார்த்தால் பாதிக்குப் பாதி மருந்துக்குச்சி.

ஆத்திரத்தோடு அவர் வீட்டுக்கே போனேன். அவர் வீட்டில்தான் இருந்தார்; அவர் மனைவி சோறு பொங்கிக்கொண்டிருந்தார். அடுப்பில் எரிந்தது முழுக்க வேலிக்கருவை விறகு. ஒரு குச்சிகூட இல்லை.

"உங்க வீட்டுல குச்சி எரிக்கிறதில்லையா அண்ணாச்சி?"

என் புருவத்தைப் பார்த்துக்கொண்டே அண்ணாச்சி சொன்னார்: "பிள்ளைக நடமாடுத வீடு தாயி. அதைப் போயி எப்படி எரிக்க?"

எனக்கும் இரண்டு பிள்ளைகள். அவருக்கு அது தெரியும். வரும்போதெல்லாம் அவர்களைத் தூக்கிப் பிடித்துச் சைக்கிள் மணியை அடிக்கவிடுவார்.