நாலு கம்பெனி லைட்டும் பாஸ்கரும்

வேங்கிக்கால் கம்ப்யூட்டர் கடை பாஸ்கர் இன்று காலை இறந்துவிட்டார். மாரடைப்பாம். ஐம்பத்திரண்டு வயது...

என்னைவிடப் பதினாறு வயது சின்னவர். இது எந்த விதத்தில் நியாயம் என்று தெரியவில்லை.

நான் நாற்பது வருடம் கல்யாணத்துக்கும் திருவிழாவுக்கும் சீரியல் லைட் செட் கட்டியவன். கம்ப்யூட்டரையும் யாரிடமும் போய்ப் படிக்கவில்லை. ஒவ்வொரு பாகமாக வாங்கி நானே பூட்டினேன். போர்டு ஒரு கம்பெனி, ரேம் ஒரு கம்பெனி, ஃபேன் வேறு, கீபோர்டு வேறு. எல்லாவற்றிலும் கலர் லைட்.

ஒன்று நீலமாக எரிந்தால் இன்னொன்று சிவப்பு. நாலு கம்பெனியின் சாஃப்ட்வேரையும் போட்டேன். அது இன்னும் மோசம்... ஒன்று வைத்த கலரை இன்னொன்று மாற்றி, லைட்டெல்லாம் வெட்டி வெட்டி எரிந்தது.

அப்படியே தூக்கிக்கொண்டு பாஸ்கர் கடைக்குப் போனேன்.

“எல்லாத்தையும் ஒரே கம்பெனில வாங்கியிருந்தா இந்த ரோதனையே இல்லணா.”

“கம்பெனிக்காரன் சொன்னா நான் கேக்கணுமா? பந்தலுக்கு நூறு செட்டு, பத்து கடையில வாங்கினது. ஒண்ணா எரிய வெக்கல?”

“அது வாயில்லாத பல்புணா. இதுங்க நாலும் நாலு வீட்டு சம்பந்திங்க. ஒண்ணு சொல்றத இன்னொண்ணு கேக்காது.”

கடையில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சரியான கோபம். கம்ப்யூட்டரை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

மறுநாள் அவரே போன் செய்தார். நாலு சாஃப்ட்வேரையும் எடுத்துவிட்டு, எல்லாக் கம்பெனிக்கும் பொதுவாக யாரோ எழுதி இலவசமாகக் கொடுத்திருந்த ஒன்றைத் தேடிப்பிடித்துப் போட்டிருந்தார். போய்ப் பார்த்தேன். நாலும் ஒன்றாகப் பச்சை!

அந்த வருடம் கார்த்திகை தீபத்தன்று, அந்தக் கூட்டத்திலும் வீட்டுக்கே வந்தார். மலையில் தீபம் தெரிந்ததும் வீட்டு விளக்கோடு கம்ப்யூட்டரும் தீப நிறத்தில் எரிய வேண்டும் என்பது என் பிடிவாதம். சாஃப்ட்வேரில் நாலுக்கும் ஒரே கலர் நம்பர் கொடுத்திருந்தேன். ஃபேன் எலுமிச்சை மாதிரி எரிந்தது. ரேம் செங்கல் மாதிரி.

“நம்பர பாக்காதீங்கணா. கண்ணால பாருங்க.”

“நம்பர் ஒண்ணுதானே? அப்ப கலரும் ஒண்ணாதான் இருக்கணும்.”

“இருக்கணும்தான். இல்லியே!”

ஒவ்வொன்றுக்கும் தனித்தனி நம்பர் கொடுத்தார். அரைமணி நேரம் கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பார்த்து மாற்றினார். நான் சொன்னதுதான் முறை என்று இன்றும் சொல்வேன். ஆனால் தெருவெல்லாம் அரோகரா கேட்டு, மாடியிலிருந்து இறங்கி வந்து பார்த்தபோது... நாலும் ஒரே சுடர் மாதிரி.

போன தீபத்துக்கு நான் அவரைக் கூப்பிடவில்லை. புதிதாக ஒரு ஃபேன் வாங்கி நானே இணைத்தேன். படம் எடுத்து இங்கே நெட்டில் போட்டேன். பார்த்த உடனே போன்.

“இன்னாணா, மேல ஃபேன் மட்டும் இருட்டா கீது?”

“நான்தான் அமத்தி வெச்சேன். கண்ணு கூசுது.”

போனிலேயே சிரித்தார்.

“சரிணா. கண்ணு சரியானதும் சொல்லுங்க. நான் வரேன்.”

சொல்லவில்லை. அதற்குப் பிறகு அவர் கடை இருக்கும் கலெக்டர் ஆபீஸ் பக்கம் எத்தனையோ முறை போனேன். அந்தப் படி மட்டும் ஏறவில்லை.

பாஸ்கர், எனக்குக் கண் கூசவில்லை. அந்த ஃபேன் லைட்டுக்கு ஐந்து வோல்ட்தான் கொடுக்க வேண்டும். சீரியல் செட் கட்டிய திமிரில் பிளக்கை வெட்டி, பன்னிரண்டு வோல்ட்டில் சேர்த்து நானேதான் அதைக் கருக்கிவிட்டேன்.

அது உனக்கு அன்றே தெரிந்திருக்கும்...

போய் வா தம்பி.