பானையைத் தொடாத ஆடி

என் அம்மா செண்பகம் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில், ஒரு பிளாஸ்டிக் கம்பெனியில் பதினாறு வருடம் பாட்டில் மூடி பொறுக்கிப் பெட்டியில் அடுக்கினாள். எடை தொண்ணூற்று நான்கு கிலோ. கம்பெனி கோட் எந்த அளவிலும் பொத்தான் சேராது. இரண்டு கோட்டைப் பிரித்து ஒன்றாகத் தைத்துக்கொண்டாள். முகவாயில் முடி வளரும். ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்து பிடுங்குவாள்.

மாதவிலக்கு வருடத்தில் இரண்டு முறை வரும். சில வருடம் அதுவும் இல்லை. நாள் தள்ளிப்போவது அவளுக்குச் செய்தியே அல்ல என்பதால், நான் வயிற்றில் இருப்பது ஐந்தாம் மாதம்தான் தெரிந்தது. ஒரு ஸ்கேன் தாளில் சினைப்பையில் நீர்க்கட்டி என்று எழுதியிருந்தது. பார்த்த டாக்டர்கள் உடம்பைக் குறைக்கச் சொன்னார்கள். வேறு எதுவும் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

தெருவில் இதற்கு ஒரு பயன் இருந்தது. ஆடியில் பெரியபாளையத்தம்மனுக்குக் கூழ் ஊற்றும் அன்று, தூரமான பெண்கள் பானையைத் தொடக் கூடாது. மற்றவர்கள் விலக்கைத் தள்ளிப்போட மாத்திரை வாங்குவார்கள்.

"செண்பகம் கையில குடுங்கடி. அதுக்கு ஏது தூரம்?" என்பாள் பக்கத்து வீட்டு முத்தம்மா. "ஆம்பள கணக்கா மீசை வேற வச்சினுகீது."

அம்மாவும் சிரித்துக்கொண்டே தூக்குவாள்.

நாற்பத்தெட்டாம் வயதில், ஓர் ஆடியில், தூக்கவில்லை.

"நான் தொட மாட்டேன்க்கா. எனக்குத் தூரம்."

"இன்னாடி சொல்ற? இந்த வயசுலயா?"

"ஏன், உங்களுக்கு மட்டும்தான் வருமா?"

தெருவுக்கே கேட்கச் சொன்னாள். வாசலில் தனியே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டாள். அவளை அவ்வளவு சந்தோஷமாக நான் பார்த்ததில்லை.

நான் அத்திப்பட்டுப் பக்கம் ஒரு மின் நிலையத்தில் கருவி டெக்னீஷியன். ஓர் அளவு எல்லை தாண்டினால், காரணம் தெரியாமல் விடக் கூடாது என்பதுதான் வேலை. பதினேழாம் நாளும் நாப்கின் வாங்கி வரச் சொன்னபோது கேட்டேன்.

"இத்தினி வருசமா நின்னுகினு இருந்த கெட்ட ரத்தம் பாப்பா. மொத்தமா வருது. போவட்டும்."

அந்தக் காரணம் எனக்குப் போதுமானதாக இருந்தது. விட்டு விட்டு வந்தது. தை வரை வாங்கிக் கொடுத்தேன்.

தையில் வேலையில் மயங்கி விழுந்தாள். சென்னையில் ஒரு டாக்டரம்மா படம் வரைந்து சொன்னார். கருப்பையின் உள்சவ்வு உதிராமல் வருடக்கணக்கில் தடித்திருக்கிறது. புற்றாகிவிட்டது. இந்த உடம்புவாகு உள்ளவர்களுக்கு அந்த ஆபத்து அதிகம். நீர்க்கட்டி தெரிந்த அப்போதே மாத்திரை கொடுத்து அவ்வப்போது உதிரவைத்திருக்கலாம்.

"அப்ப, ஆடியில வந்தது தூரம் இல்லியா டாக்டர்?" அம்மா கேட்டாள்.

"இல்லம்மா."

அம்மா என் பக்கம் திரும்பினாள்.

"உனக்கு எப்ப வந்துது பாப்பா?"

இதுவரை கேட்டதில்லை. ஐந்து மாதம் ஆகிறது என்றேன்.

"இவளயும் பாருங்க டாக்டர். என்னிய அப்பறம் பாத்துக்கலாம்."

ஐப்பசியில் இறந்தாள். எனக்கு மாத்திரையில் விலக்கு வருகிறது. பதினாறாம் நாள் காரியத்தன்று காலையிலும் வந்திருந்தது. யாரிடமும் சொல்லவில்லை. படையலை நானே வைத்தேன்.