பேட்டரி இருந்ததா, இல்லையா?

2003-ஆம் வருடம், சித்திரை மாதத்துச் சனிக்கிழமை ஒன்று. பசுவந்தனையில் எங்கள் வீட்டுக்கு ஜெர்மனியிலிருந்து ஒரு பார்சல் வந்தது. என் மகள் அப்போதுதான் தவழ ஆரம்பித்திருந்தாள்.

நான் கம்ப்யூட்டர் படித்தவள். குழந்தை பிறந்ததும் வேலையை விட்டுவிட்டேன். இலவச மென்பொருள் உருவாக்கும் தன்னார்வலர் குழு ஒன்றுக்கு மட்டும் வீட்டிலிருந்தே உதவிக்கொண்டிருந்தேன். சாதாரணக் கம்ப்யூட்டருக்காக எழுதிய புரோகிராம் வேறு வகை பிராசசர் உள்ள மதர்போர்டில் அப்படியே ஓடாது. திருத்தி எழுத வேண்டும். திருத்தியது சரிதானா என்று பார்க்க அந்த போர்டு கையில் இருக்க வேண்டும். அதனால் கூடுதலாக வைத்திருப்பவர்கள், வேலை செய்ய முன்வருபவர்களுக்குச் சும்மாவே அனுப்பிவைப்பார்கள். எனக்கு அனுப்பியவர் முகத்தைக்கூட நான் பார்த்ததில்லை.

பார்சலைப் பிரித்தவுடன் பால் பொங்கும் வாசனை வந்தது. அடுப்படிக்கு ஓடினேன். திரும்பி வந்தால் போர்டு மகளின் மடியில் இருக்கிறது, ஓரத்தில் குங்குமப் பொட்டு. புதிதாக எது வந்தாலும் முதலில் பிள்ளை கையில் கொடுப்பது எங்கள் வீட்டு வழக்கம்.

“பிள்ள கை பட்டா நல்லா ஓடும்டி” என்றார் என் மாமியார்.

சிரித்துக்கொண்டே போர்டை வாங்கினேன். அப்போதுதான் கவனித்தேன். ஒரு ரூபாய் நாணயம் போன்ற சின்ன பேட்டரி உட்காரும் வளையம் காலியாக இருந்தது. மகள் வாயிலிருந்து எச்சில் ஒழுகிக்கொண்டிருந்தது. பல் முளைக்கிற பிள்ளைக்கு அது சகஜம்தான். ஆனாலும் அவள் வாயைத் திறந்து பார்த்தேன்; ஒன்றும் தெரியவில்லை. அந்த பேட்டரி தொண்டையில் தங்கினால் உள்ளேயே புண்ணாக்கிவிடும் என்று எங்கோ படித்திருந்தேன்.

“அத்தை, இங்கன வட்டமா ஒண்ணு இருந்துச்சா?”

“பளபளன்னு என்னமோ தெரிஞ்ச மாதிரி இருந்துச்சு. அதுல எல்லாமே பளபளன்னுதானட்டி இருக்கு.”

பாயை உதறினோம். குழந்தையின் சட்டையைக் கழற்றிப் பார்த்தோம். எங்கும் இல்லை. என் வீட்டுக்காரர் தீப்பெட்டி கம்பெனி வேலையாக வெளியூர் போயிருந்தார். அட்டைப்பெட்டியில் ஒட்டியிருந்த முகவரிச் சீட்டைக் கிழித்துக்கொண்டு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கோவில்பட்டி பஸ்ஸில் ஏறினோம். வழியெல்லாம் வெடித்துக் கிடந்த கரிசல் காடு. அவள் தூங்கினால் மூச்சு வருகிறதா என்று பார்த்தேன். அழுதால் தொண்டை வலிக்கிறதோ என்று பயந்தேன். கைப்பிள்ளையை வைத்துக்கொண்டு இந்த வேலை எனக்குத் தேவையா என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

டாக்டர் பார்த்துவிட்டு, “மூச்சு நல்லாத்தான் இருக்கு. எக்ஸ்ரே எடுத்தா தெரிஞ்சிரும். கரண்டு இல்ல, இப்ப வந்துரும். அதுக்குள்ள அனுப்புனவரக் கேளுங்க. கழத்திட்டுத்தான் அனுப்புனேன்னு உறுதியாச் சொன்னா எக்ஸ்ரேயே வேண்டாம்” என்றார்.

எதிரிலேயே டெலிபோன் பூத். சீட்டில் இருந்த எண்ணை நீட்டினேன். பூத்காரர் திரும்பத் திரும்ப அழுத்தி லைனைப் பிடித்தார். “கெடச்சிட்டு தாயி. மீட்டரப் பாக்காம பேசுங்க.”

உடைந்த ஆங்கிலத்தில் விஷயத்தைச் சொன்னேன். போர்டு அனுப்பும்போது வழக்கமாக பேட்டரியைக் கழற்றிவிடுவதாக அவர் சொன்னார். எனக்கு உயிரே திரும்பி வந்தது. பக்கத்தில் நின்ற மாமியாரிடம் சொன்னேன்.

“பெறகென்ன, கழத்திட்டாராம்லா. பச்சப்பிள்ளைக்கு எதுக்கு எக்ஸ்ரே? வா, வீட்டுக்குப் போவோம்.”

அப்படியானால் எக்ஸ்ரே எடுக்காமல் வீட்டுக்குப் போகிறோம் என்று அவரிடம் சொன்னேன். அவர் மெதுவாகச் சொன்னார்: வழக்கம் அதுதான், ஆனால் இந்த போர்டில் கழற்றினேனா என்று எனக்கு ஞாபகம் இல்லை. என் மேஜையில் கழற்றிய பேட்டரிகள் நிறையக் கிடக்கின்றன, இதனுடையது எது என்று தெரியாது. என் வார்த்தையை நம்பி வீட்டுக்குப் போய்விடாதீர்கள். எக்ஸ்ரே எடுக்கிறேன் என்று சொல்லுங்கள், அப்போதுதான் போனை வைப்பேன்.

எடுக்கிறேன் என்றேன். அந்த நிமிடம் அவர்மேல் எனக்குக் கோபம்தான் வந்தது. கழற்றிவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா என்று பூத்திலேயே அழுதேன்.

கரண்டு வந்தது. குளிர்ந்த பலகையில் படுக்க வைத்தபோது மகள் அலறிய அலறல் தெருவுக்கே கேட்டிருக்கும். நானும் மாமியாரும் ஆளுக்கொரு பக்கம் அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றோம். படம் ஈரம் காய்வதற்குள் டாக்டர் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். வாயிலிருந்து வயிறு வரை விரலால் இறக்கிப் பார்த்தார். எனக்கு அந்த விரலைத் தவிர வேறெதுவும் தெரியவில்லை.

“ஒண்ணுமில்லம்மா. சுத்தமா இருக்கு. பால் குடுங்க.”

மாமியார் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். நான் மறுபடியும் பூத்துக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன். அந்தப் பக்கம் அவர் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. போர்டு சரியாக வந்து சேர்ந்ததா என்று கடைசி வரை அவர் கேட்கவேயில்லை.

இன்றும் யாராவது பயந்துபோய் என்னிடம் ஒன்றைக் கேட்டால், அவர்கள் மனம் ஆறும் பதிலைச் சொல்லிவிடத்தான் வாய் முந்துகிறது. முகம் தெரியாத அந்த மனிதர், என் மகளுக்காக, “எனக்கு ஞாபகம் இல்லை” என்று சொன்னதை நினைத்துக்கொண்டு, தெரியாததைத் தெரியாது என்றே சொல்லப் பழகிவருகிறேன்.