எப்போதிலிருந்து என்று கேட்டால்

ஆஸ்பத்திரியின் இன்சூரன்ஸ் கவுண்டர் என்பது, வைத்தியம் தெரியாமலே எல்லோருடைய நோய்க்கும் பதில் சொல்லும் உத்தியோகம். அடையாறில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் அதைத்தான் செய்கிறேன். கார்டை நீட்டிவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றவர்களில் நீங்களும் ஒருவராக இருக்கலாம். கம்பெனியின் பதில் வரும்வரை உங்களைப் போலவே எனக்கும் இருப்புக் கொள்ளாது.

முதலில் கம்பெனி

மயிலாப்பூர் மாமா ஒருவருக்கு முழங்கால் வலி. டாக்டர் படம் போட்டு விளக்கி, ஆபரேஷன் தேவை என்றார். மாமா அங்கே தலையை ஆட்டிவிட்டு நேராக என்னிடம் வந்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். "டாக்டரே சொல்லிட்டாரே சார், இன்னும் என்ன?" என்றேன்.

"அவர் சொல்லிட்டார்மா. கம்பெனி ஒத்துண்டாத்தான் நேக்கு வியாதி இருக்குன்னே நம்பிக்கை வரும்."

ஒரு மாத்திரை

கஸ்தூரி, ஊரூர் குப்பத்தில் மீன் விற்பவள். வலை இழுக்கும் கணவருக்கு ஹெர்னியா, மறுநாள் ஆபரேஷன். "வேறு மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறாரா?" என்று டாக்டர் கேட்டதற்கு, இல்லை என்று சொல்லிவிட்டுப் படியிறங்கி என்னிடம் வந்தாள். அவருக்குப் பழைய இதய நோயாம். ரத்தம் உறையாமலிருக்க தினமும் மாத்திரை விழுங்குகிறாராம். பழைய நோவைப் பற்றி வாயே திறக்காதே என்று பாலிசி விற்ற ஏஜெண்ட் சொல்லி வைத்திருக்கிறான். டாக்டரிடம் என்ன சொல்வது என்று என் கவுண்டரில் வந்து கேட்கிறாள்!

"மறைச்சா ரத்தம் நிக்காது கஸ்தூரி, உயிருக்கே ஆபத்து. இப்பவே போய்ச் சொல்லு" என்று கத்தாத குறைதான். அவள் அசையவில்லை.

"டாக்டராண்ட சொன்னா கம்பெனிக்குப் பூடும்ல? கார்டு பாஸாவும்னு நீ மொதல்ல சொல்லு யக்கா, அப்பால நான் நெஜத்த சொல்றேன்."

பதில் வந்தது

அப்படி ஒரு வாக்கு கொடுக்க என்னால் முடியவில்லை. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு டாக்டரிடம் போனேன். அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். டாக்டர் ஆபரேஷனைத் தள்ளிவைத்தார். கம்பெனி படிவத்தில் "எப்போதிலிருந்து நோய்?" என்ற கேள்விக்கு உள்ளதை உள்ளபடி எழுதினார். கம்பெனியிலிருந்து பதில் வந்தது: நோயை மறைத்து எடுத்த பாலிசி, செல்லாது. அதை அவளுக்குப் படித்துக் காட்டியபோது என் குரலே எனக்குப் பிடிக்கவில்லை.

திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவளோ கணவரின் லுங்கியையும் தண்ணீர் பாட்டிலையும் பையில் திணித்துக்கொண்டு, அரசு ஆஸ்பத்திரிக்குப் போக ஆட்டோ பிடிக்கக் கிளம்பினாள். வாசல்வரை கூடவே போய், "என் மேல கோவமா?" என்று கேட்டேன்.

"உன் மேல இன்னா கோவம்? அங்க கூட்டம் கீது, படுக்க எடம் கெடைக்குதோ இன்னாவோ. ஆனா எப்பத்துலேர்ந்து நோவுன்னு கேட்டாங்கன்னா, வைத்தியம் பாக்கத்தான் கேப்பாங்க."

கொஞ்ச நாளாக எனக்கும் நெஞ்சு படபடக்கிறது, டாக்டர் மாடியில்தான் இருக்கிறார், ஆனால் "எப்போதிலிருந்து?" என்று கேட்டால் என்ன சொல்வது என்று என் கவுண்டரிலேயே உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன்.